சிப்பா, எக்ஸோமா, முழு ஜீனோமா: ஒரு தோட்டத்து ஊர் எதைத் தேர்ந்தெடுப்பது?

மலேசியாவின் பேராக்கில் இருக்கும் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்து ஆட்களின் பிள்ளைகள் நடத்தும் சங்கம் ஒன்றுக்கு இந்த ஆண்டு கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. எல்பில், டோவன்பி, ஈவுட் என்று ஆளுக்கொரு தோட்டத்தில் பிறந்து, இப்போது தாமான் வீடுகளில் இருப்பவர்கள். வழக்கமாக இப்படிச் சேரும் பணம் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப்பையாகவும் காலணியாகவும் மாறிவிடும். இந்த முறை ஒருவர், "நம்ம ஆளுங்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு இனிப்பு நீர், இவ்வளவு மாரடைப்பு? மரபணுவையே பார்த்துடலாமே" என்று கேட்டுவிட்டார். அப்புறம் பேச்சு அடங்கவில்லை.

எச்சிலைத் துப்பி அனுப்பினால் மரபணுவைப் பார்த்துச் சொல்லும், வீட்டுக்கே வரும் எச்சில் பெட்டிகளை மொத்தமாக வாங்கலாம் என்றார் ஒருவர். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி எக்ஸோம், அதாவது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதிகள் மட்டும் போதும் என்றாள். பெரிய ஆராய்ச்சிக் குழு ஒன்றோடு சேர்ந்து முழு ஜீனோமையே, அதாவது ஒருவரின் மரபுக் குறிப்பு மொத்தத்தையும் வாசிக்கச் சொல்லலாம் என்றார் மூன்றாமவர். மருத்துவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் என் கருத்தைக் கேட்டார்கள். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைந்த பேருக்கு, குடும்பம் குடும்பமாக, ஆழமாக, முழு ஜீனோம். அதுவும் ஒரு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மட்டும். மற்ற வழிகள் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று பார்த்த பிறகுதான் இது ஏன் என்பது விளங்கும்.

இனிப்பு நீருக்கு இதில் பதில் இல்லை

முதலில் ஓர் ஏமாற்றத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஊரில் நூறு பேரின் ஜீனோமை எவ்வளவு நுணுக்கமாக வாசித்தாலும், இனிப்பு நீர் ஏன் அதிகம் என்ற கேள்விக்கு அதிலிருந்து விடை வராது. இரண்டாம் வகை நீரிழிவு ஒரே ஒரு மரபணுவின் வேலை அல்ல. 2024-இல் வெளியான மிகப் பெரிய ஆய்வு 25 லட்சத்துக்கும் அதிகமானோரின் தரவை ஒன்றாக்கி, நீரிழிவோடு தொடர்புடைய 611 இடங்களை ஜீனோமில் அடையாளம் காட்டியது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் பெரும்பாலும் துளிதான். 25 லட்சம் பேரை வைத்துப் பிடித்த துளியை நூறு பேரை வைத்துப் பிடிக்க முடியாது. அதற்குச் சங்கத்தின் பணத்தைச் செலவழிப்பதைவிட, மாதம் ஒரு முறை இரத்தச் சர்க்கரை பார்க்கும் முகாம் நடத்தலாம்.

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயும் அப்படித்தான். நோயில்லாமலே அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவர் யார் என்று அறிய ஜீனோம் வாசிப்பு வேண்டியதில்லை. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசாங்கமே பரிசோதனை நடத்துகிறது. சாதாரண இரத்த எண்ணிக்கையில் சந்தேகம் வந்தால் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு, அதற்கும் மேலே தேவைப்பட்டால் மட்டும் மரபணுச் சோதனை. இன்னும் சொல்லப்போனால், ஆல்ஃபா தலசீமியாவில் முழு ஜீனோம் வாசிப்பே சில நேரம் தடுமாறும். அங்கே ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. சின்னச் சின்னத் துண்டுகளாக வாசிக்கும் கருவிக்கு எந்தத் துண்டு எதனுடையது என்று பிரித்தறிவது கடினம். பிள்ளைக்குக் கல்யாணம் பேசுகிற வீடுகள் கிளினிக்குக்குப் போனால் போதும்.

அப்படியென்றால் முழு ஜீனோம் எதற்கு? "நமக்கு என்ன நோய்?" என்று ஒரு வீடு கேட்கலாம். "நாம் என்ன மாதிரியான மக்கள், நம்மிடம் என்னென்ன மாறுபாடுகள் எவ்வளவு பேரிடம் இருக்கின்றன?" என்று ஓர் ஊர் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்குத்தான் மக்கள்தொகை ஜீனோம் ஆய்வு. இன்று ஒரு பிள்ளைக்குக் காரணம் தெரியாத நோய் வந்து, மரபணுச் சோதனையில் இதுவரை யாரும் பார்த்திராத ஒரு மாறுபாடு தென்பட்டால், மருத்துவர் முதலில் பார்ப்பது, பல மக்களின் மாறுபாடுகளைத் தொகுத்து வைத்த பட்டியலில், நல்ல உடம்போடு இருப்பவர்களிடமும் அது இருக்கிறதா என்பதைத்தான். அந்தப் பட்டியலில் நம் மக்கள் இல்லையென்றால், நம்மிடம் சாதாரணமாகப் புழங்கும் ஒன்று அரிய கோளாறாகத் தோன்றலாம். பலன் நாளைக்கு வராது, நம் பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவருக்கு வரும். பணம் கொடுப்பவர்கள் இதை ஏற்றுக்கொண்டால்தான் மேலே பேச முடியும்.

பட்டியலில் நாம் எங்கே இருக்கிறோம்

மனித ஜீனோம் ஏறத்தாழ 310 கோடி டி.என்.ஏ. எழுத்துகள். அதில் ஒவ்வொருவரும், ஒப்பிடுவதற்கு வைத்திருக்கும் மாதிரி ஜீனோமிலிருந்து 40 முதல் 50 லட்சம் இடங்களில் வேறுபடுகிறோம். இதை உலக அளவில் முதலில் பெரிதாகத் தொகுத்தது ஆயிரம் ஜீனோம் திட்டம். 2008-இல் தொடங்கி 2015-இல் இறுதி அறிக்கை தந்தது: 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேர், 8.8 கோடி மாறுபாடுகள். அதில் தமிழர் உண்டா? உண்டு. ஐக்கிய ராஜ்யத்தில் வாழும் இலங்கைத் தமிழர் 102 பேர். பேராக்கில் பால்மரம் வெட்டியவர்களின் பேரன் பேத்திகளுக்கும் அவர்களுக்கும் உறவு உண்டுதான். ஆனால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து லண்டன் போனவர்களை வைத்து, சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும், தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி அழைத்து வந்தவர்களைக் கணக்கிடுவது எவ்வளவு சரி?

பக்கத்தில் சிங்கப்பூர் நம்மைவிட முன்னால் போய்விட்டது. 2014-இல் 38 இந்தியர்களின் ஜீனோமை ஆழமாக வாசித்து வெளியிட்டார்கள். 2019-இல் வந்த எஸ்ஜி10கே ஆய்வில் 4,810 பேர். அதில் இந்தியர் 1,127, மலாய்க்காரர் 903, மற்றவர் சீனர். கிடைத்த 9.8 கோடி மாறுபாடுகளில் பாதிக்கும் மேல் அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. இந்தியாவிலேயே இண்டிஜென் திட்டம் 1,029 பேரை வாசித்தது. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரை இலக்காக வைத்து முடித்திருக்கிறது. நம் நாட்டில் யூ.கே.எம். என்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியன் கோஹோர்ட் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தையும் உடல்நல விவரத்தையும் சேர்த்து வைத்திருக்கிறது. இந்தியரும் அதில் உண்டு.

எந்த வழி என்று முடிவெடுக்க இந்த எண்கள் முக்கியம். நூற்றில் ஐந்து பேரிடம், பத்துப் பேரிடம் இருக்கிற பொதுவான தென்னிந்திய மாறுபாடுகளை மற்றவர்கள் ஏற்கனவே பிடித்துவிட்டார்கள். நாம் பணம் போட்டு அவற்றையே மறுபடி பிடித்தால் லாபம் குறைவு. நம்மிடமிருந்து புதிதாக வரக்கூடியவை அரிதானவை: ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் தங்கிவிட்டவை. எச்சில் பெட்டி, எக்ஸோம், மேலோட்டமாக வாசித்த முழு ஜீனோம், ஆழமாக வாசித்த முழு ஜீனோம் என்ற நான்கு வழிகளையும் நான் எடைபோடுவது இதை வைத்துத்தான்.

எச்சில் பெட்டி

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வீட்டுக்கு வரும் பெட்டியில் நடப்பது பெரும்பாலும் சிப் சோதனை. 310 கோடி எழுத்துகளில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் பார்க்கும். தேர்ந்தெடுத்தது யாருடைய மாறுபாடுகளை வைத்து? பெரும்பாலும் ஐரோப்பியர்களுடையதை வைத்து. சிப்பில் இல்லாத மாறுபாடு நம்மிடம் இருந்தால் அது கண்ணிலேயே படாது. ஆகவே புதிதாக எதையும் கண்டுபிடிக்க இது உதவாது. அரிய மாறுபாடு ஒன்று இருப்பதாக அது சொன்னாலும் நம்பிவிட முடியாது. இப்படிப்பட்ட நிறுவனங்களின் மூலத்தரவில் தென்பட்ட மாறுபாடுகளை மருத்துவ ஆய்வுக்கூடத்தில் மறுபடி சோதித்த ஓர் அமெரிக்க ஆய்வில், 40 விழுக்காடு தவறானவை என்று 2018-இல் வெளியிட்டார்கள்.

தரவு எங்கே போகிறது என்பதும் ஒரு கேள்வி. இந்தத் தொழிலின் மிகப் பிரபலமான நிறுவனமான 23அண்ட்மீயில் 2023-இல் ஏறத்தாழ 69 லட்சம் வாடிக்கையாளர்களின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கம்பெனி கைமாறும்போது எச்சிலும் சேர்ந்துதான் கைமாறும்.

"ஆனா அதுல எந்த ஊர்லருந்து வந்தோம்னு காட்டுமே தம்பி" என்று ஒரு பெரியவர் ஆசையாகக் கேட்டார். தென்னிந்தியா என்று காட்டும். அது அவருக்கு ஏற்கனவே தெரியும்.

எக்ஸோம்

எக்ஸோம் என்பது புரதத்துக்கான குறிப்பு இருக்கும் பகுதிகளை மட்டும் பிரித்தெடுத்து வாசிப்பது. ஜீனோமில் அது ஒன்று, இரண்டு விழுக்காடுதான். ஆனால் பரம்பரை நோய்களுக்குக் காரணம் என்று இதுவரை உறுதியானவற்றில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வளர்ச்சிக் குறைபாடு, காரணம் தெரியவில்லை என்றால் எக்ஸோம் நல்ல கருவி. மருத்துவர் சொன்னால் தயங்க வேண்டாம்.

ஊரின் கேள்விக்கு அது ஏன் போதாது என்பதற்கு நம் இதயத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2009-இல் குமாரசாமி தங்கராஜ் முதலான இந்திய விஞ்ஞானிகள் பங்கெடுத்த ஓர் ஆய்வு, இதயத் தசையின் எம்.ஒய்.பி.பி.சி.3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் காட்டியது. இந்தியத் துணைக்கண்டத்து வம்சாவளியினரில் நூற்றுக்கு நான்கு பேரிடம் அது இருக்கிறது. அவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் அபாயம் பல மடங்கு அதிகம் என்றும் அந்த ஆய்வு சொன்னது. அந்த 25 எழுத்துகள் இருக்கும் இடம் இன்ட்ரான், அதாவது புரதக் குறிப்புகளுக்கு இடையில் கிடக்கும் பகுதி. எக்ஸோம் வாசிப்பு குறிவைப்பது புரதக் குறிப்புகளை. இன்ட்ரானில் ஓரளவுக்குமேல் உள்ளே போனால் அதற்கு உத்தரவாதம் இல்லை.

கதை அங்கே முடியவில்லை. விடுபட்ட எழுத்துகள் மட்டும் இருப்பவர்களில் பலர் நலமாகவே இருக்கிறார்கள் என்றும், அதே மரபணுவில் கூடவே வந்து ஒட்டிக்கொண்ட வேறொரு மாற்றம்தான் உண்மையான குற்றவாளியாக இருக்கலாம் என்றும் பின்னால் வந்த ஆய்வுகள் வாதிட்டன. அப்படிச் சுட்டிக்காட்டப்பட்டவற்றில் ஒன்றும் இன்ட்ரானுக்குள்ளேயே இருந்தது. அந்த இடம் முழுவதையும், அக்கம்பக்கத்தோடு வாசித்தவர்களுக்குத்தான் இப்படிக் கேட்கவே முடிந்தது. நம்மில் நூற்றுக்கு நான்கு பேரைப் பற்றிய விஷயம் இது. வரிசைக்கு ஒரு வீடாவது இதில் வரும்.

நிறையப் பேருக்கு மேலோட்டமாகவா, சிலருக்கு ஆழமாகவா?

உண்மையான போட்டி இங்கேதான். முழு ஜீனோம் வாசிப்பில் கருவி ஒரே இடத்தைப் பல தடவை வாசிக்கும். சராசரியாக எத்தனை தடவை என்பதைத்தான் ஆழம் என்கிறார்கள். மருத்துவத் தரத்துக்கு 30 தடவை. செலவைக் குறைக்க 4 தடவை, ஏன் ஒரே தடவைகூட வாசிப்பதுண்டு. ஆயிரம் ஜீனோம் திட்டமே முதலில் ஏழு தடவை அளவில்தான் வாசித்தது. பின்னால்தான் அதே மாதிரிகளை, குடும்ப உறுப்பினர்களையும் சேர்த்து 3,202 ஆக்கி, 30 தடவை ஆழத்தில் மறுபடி வாசித்தார்கள்.

மேலோட்டமாக வாசித்தால் இழப்பு என்ன? ஓர் இடத்தில் அப்பாவிடமிருந்து ஓர் எழுத்தும் அம்மாவிடமிருந்து வேறோர் எழுத்தும் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தை நான்கு தடவை மட்டும் வாசித்தால், நான்கும் ஒருவர் பக்கத்து எழுத்தாகவே விழுந்துவிட எட்டில் ஒரு வாய்ப்பு உண்டு. ஒரு தடவை மட்டும் தென்பட்ட எழுத்து கருவியின் பிழையாகவும் இருக்கலாம் என்பதால், இரண்டு எழுத்தும் குறைந்தது இரண்டிரண்டு தடவை தென்பட வேண்டும் என்று கறாராக இருந்தால், நூற்றில் 37, 38 இடங்களில்தான் அது நடக்கும். இதுகூடச் சரியாக நான்கு வாசிப்பு கிடைத்த இடங்களுக்கு. சராசரி நான்கு என்றால் நூற்றில் கிட்டத்தட்ட இரண்டு இடங்களில் ஒரு வாசிப்பும் இருக்காது.

இந்த ஓட்டைகளைக் கணினி இட்டு நிரப்பும். பஸ்ஸில் பாதி காதில் விழுந்த பாட்டை, தெரிந்த பாட்டு என்பதால் மீதியை நாமே பாடிவிடுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. ஏற்கனவே ஆழமாக வாசித்து வைத்த ஆயிரக்கணக்கானோரின் ஜீனோமை வைத்து, "இந்த எழுத்துக்குப் பக்கத்தில் இது வருவதுதான் வழக்கம்" என்று ஊகிக்கும். பொதுவான மாறுபாடுகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆப்பிரிக்க மக்களிடம் செய்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்றில், 4 தடவை வாசிப்பு அதே செலவில் கிடைக்கும் சிப்புகள் எல்லாவற்றையும்விடத் துல்லியமாக இருந்தது. ஆகவே சிப்புக்கும் மேலோட்ட வாசிப்புக்கும் இடையில் கேட்டால், யோசிக்காமல் இரண்டாவதைச் சொல்வேன். சிக்கல் என்னவென்றால், பாட்டு தெரிந்திருந்தால்தான் மீதியைப் பாட முடியும். ஒரு தோட்டத்து லயத்துக்குள், அதாவது அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்குள் மட்டும் சுற்றிய மாறுபாடு எந்த மாதிரித் தொகுப்பிலும் இல்லை. கணினி அதை ஊகிக்காது. வழக்கமான எழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடும்.

மறுபக்கத்து வாதமும் பலமானது. நூறு பேர் என்றால் ஒவ்வொரு மரபணுவுக்கும் 200 பிரதிகள். மக்களிடம் நூற்றில் ஒரு பிரதியில் இருக்கும் மாறுபாடு நூறு பேரில் ஒருவரிடமாவது தென்பட 87 விழுக்காடு வாய்ப்பு. ஆனால் ஆயிரத்தில் ஒன்று என்றால் அந்த வாய்ப்பு 18 விழுக்காடாக விழுந்துவிடும். அதை 87-க்குக் கொண்டுவர ஆயிரம் பேர் வேண்டும். "அப்போ ஆழத்தைக் குறைச்சு ஆளைக் கூட்டலாமே" என்று அந்தப் பல்கலைக்கழகப் பெண் கேட்டாள். கெட்டிக்காரக் கேள்வி. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஆழத்தை ஏழில் ஒரு பங்காகக் குறைத்தால் செலவு ஏழில் ஒரு பங்காகக் குறையாது. இரத்தம் எடுப்பது, டி.என்.ஏ. பிரிப்பது, வாசிப்புக்குத் தயார் செய்வது எல்லாம் தலைக்குத் தலை அதே செலவு. கருவியின் செலவு குறைந்துகொண்டே வருகிறது; ஒரு ஜீனோம் 200 டாலர் என்று, கருவி தயாரிக்கும் இல்லுமினா நிறுவனம் 2022-லேயே அறிவித்தது. நம்மைப் போன்றவர்களுக்கு வந்து சேரும் விலை அதைவிட அதிகம்தான். ஆனாலும் ஆழத்தில் மிச்சப்படுத்துவதன் லாபம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்குகிறது. இரண்டாவது பதில் எங்கள் ஊரின் கதையிலேயே இருக்கிறது.

கங்காணி ஆள் சேர்த்த முறையை நினைத்துப் பாருங்கள். அவர் சென்னை மாகாணம் முழுவதும் சுற்றிச் சலித்து ஆள் எடுக்கவில்லை. தன் ஊருக்குப் போனார், தன் உறவுக்காரர்களையும் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். 1938-இல் இந்திய அரசாங்கம் இந்தக் குடியேற்றத்தை நிறுத்தும் வரை இப்படித்தான். வந்தவர்கள் தோட்டத்துக்குள்ளேயே, தெரிந்த வீடுகளிலேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். அத்தை மகன், மாமன் மகள், சில வீடுகளில் தாய்மாமனே மாப்பிள்ளை. இந்த நாட்டின் 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே நெருங்கிய உறவுகளைத் தடுத்துவிட்டு, இந்துக்களின் தாய்மாமன் திருமணத்துக்கு மட்டும் விலக்கு அளிக்கிறது. அப்படிப் பிறந்த பிள்ளையின் ஜீனோமில் சராசரியாக எட்டில் ஒரு பகுதி இரண்டு பக்கமும் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததாக இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் என்றால் பதினாறில் ஒன்று.

ஆகவே தமிழ்நாடு முழுவதுமாகப் பார்த்தால் பல்லாயிரத்தில் ஒன்றாக இருக்கும் ஒரு மாறுபாடு, எங்கள் ஊரின் சில குடும்பங்களில் இருபதில் ஒன்றாகக்கூட இருக்கலாம். தெற்காசியாவில் இது பெரிய விஷயம் என்று 2017-இல் ஓர் ஆய்வு காட்டியது: பார்த்த 263 குழுக்களில் 81 குழுக்கள், ஒரு சில மூதாதையரிடமிருந்தே பெருகியவர்கள் என்று உலகப் புகழ் பெற்ற பின்லாந்துக்காரர்களையும் அஷ்கெனாசி யூதர்களையும் மிஞ்சின. ஆக, நம்மிடம் அரிதானவற்றைப் பிடிக்க ஆயிரக்கணக்கான தலைகளைவிடச் சரியான குடும்பங்கள் முக்கியம். அந்தக் குடும்பங்களைச் சந்தேகமில்லாமல் வாசிக்க வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவரையும் 30 தடவை ஆழத்தில் வாசித்தால், எந்த மாறுபாடு யார் பக்கத்திலிருந்து வந்தது, எவையெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து பயணம் செய்கின்றன என்று பெரும்பாலும் ஊகமில்லாமல் தெரியும். அந்த இதய மரபணுவில் வந்த தகராறு போன்றவற்றைத் தீர்க்க இதுதான் வழி.

இதிலும் ஒரு முரண் இருக்கிறது. எது எவ்வளவு பேரிடம் என்று கணக்கிட, உறவில்லாத ஆட்கள் வேண்டும். மறைந்திருப்பதைத் தோண்ட, உறவுள்ள ஆட்கள் வேண்டும். சுங்கை சிப்புட் தோட்டத்து ஆட்களில் உறவில்லாத நூறு பேரைக் கண்டுபிடிப்பதே ஒரு வேலை; கூட்டத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் சம்பந்தி. ஒன்றுக்கொன்று உறவில்லாத நாற்பது குடும்பங்கள், வீட்டுக்கு மூன்று பேர் என்று நான் யோசிக்கிறேன். 40 அப்பாக்களும் 40 அம்மாக்களும் கணக்குக்கு, பிள்ளைகள் தொடர்புக்கு. கணவன் மனைவியே அத்தை, மாமன் பிள்ளைகளாக இருக்கும் வீட்டை ஒதுக்கக்கூடாது, குறித்துக்கொள்ள வேண்டும்.

நீளமான துண்டுகளாக வாசிக்கும் புதுக் கருவிகளும் வந்துவிட்டன. ஆல்ஃபா தலசீமியா, நோய் எதிர்ப்புச் சக்திக்கான எச்.எல்.ஏ. மரபணுக்கள் போன்ற குழப்பமான இடங்களுக்கு அவைதான் சரி. எச்.எல்.ஏ. நமக்கு அந்நியம் இல்லை: கார்பமசெபின் என்ற வலிப்பு மாத்திரைக்கு உடம்புத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஒவ்வாமை, எச்.எல்.ஏ.-பி*15:02 என்ற வகை உள்ளவர்களுக்கு வருகிறது. மலாய்க்காரர், சீனரிடம் அது அதிகம், இந்தியரிடமும் உண்டு. நாற்பதில் நான்கைந்து குடும்பங்களுக்கு மட்டும் நீள வாசிப்பைப் பல்கலைக்கழகம் தன் செலவில் செய்யுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

சாதி என்ற கட்டம்

ஆராய்ச்சிக் குழுக்களின் படிவத்தில் பெரும்பாலும் இந்தக் கட்டம் இருக்கும். மேலே சொன்ன 263 குழுக்கள் என்பதே பெரும்பாலும் சாதியும் பழங்குடியும்தான். அறிவியல் கண்ணோட்டத்தில் காரணம் உண்டு: யார் யாருக்குள் மணமுடித்தார்கள் என்பதே மாறுபாட்டின் வரைபடம். ஆனால் எங்கள் சங்கத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னால் படிவம் முடிவதற்குள் சங்கம் முடிந்துவிடும். லயத்தில் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து வளர்ந்த தலைமுறை, பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்ட விஷயம் அது. அதை ஓர் ஆய்வின் பெயரால் தோண்டி எடுக்க நான் உடன்பட மாட்டேன்.

இதற்கு மாற்று இருக்கிறது. தாத்தா பாட்டிகள் நான்கு பேரும் பிறந்த மாவட்டம், வீட்டில் பேசிய மொழி, எந்தத் தோட்டம், எந்தத் தலைமுறையில் வந்தார்கள். தோட்டங்களில் தெலுங்கும் மலையாளமும் பேசியவர்களும் இருந்தார்கள் என்பதால் மொழி முக்கியம். இவ்வளவு இருந்தால் போதும். யார் யாரோடு நெருக்கம் என்பதைத் தரவே காட்டிவிடும், பெயர் ஒட்டத் தேவையில்லை. நுணுக்கம் கொஞ்சம் குறையும்தான். குறையட்டும்.

கையெழுத்துக்கு முன்

அமெரிக்காவின் அரிசோனாவில் ஹவாசுப்பாய் என்ற பழங்குடி மக்கள் 1990-இல் தங்கள் இரத்தத்தை அங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். எதற்காக? நீரிழிவு ஏன் இவ்வளவு என்று அறிய. நம் கேள்வியேதான். பின்னால் பார்த்தால் அதே இரத்தத்தை வைத்து மனநோய் பற்றியும், அந்த மக்கள் எங்கிருந்து குடியேறினார்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்திருந்தது. வழக்கு போட்டார்கள். 2010-இல் 7 லட்சம் டாலர் இழப்பீட்டோடு மிச்ச இரத்தமும் திரும்பி வந்தது.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது தமிழில் எழுதிய ஒப்புதல் படிவத்தில் இருக்க வேண்டும். மருத்துவ ஆய்வு என்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் எண் இருக்கிறதா, நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். 2010-ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களுக்குப் பொருந்தாது. அதனால் சட்டத்தை நம்பி இருக்காமல் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

முடிவுகளைத் திருப்பிச் சொல்வார்களா என்பதும் முன்கூட்டியே தீர வேண்டிய விஷயம். முழு ஜீனோமை வாசித்தால் தேடாததும் கிடைக்கும். மார்பகப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பி.ஆர்.சி.ஏ. மாறுபாடு போன்றவை நூறு பேரில் ஓரிருவரிடம் தென்படலாம். தெரிந்துகொள்ள விரும்புவோர், விரும்பாதோர் என்று ஆளாளுக்குத் தேர்வு இருக்க வேண்டும், சொல்லும்போது மரபணு ஆலோசகரும் கூட இருக்க வேண்டும். காப்புறுதி எடுக்கப்போகும் இளையவர்கள் அதற்கு முன் கொஞ்சம் யோசிப்பது நல்லது.

அப்பா, அம்மா, பிள்ளை என்று மூவரையும் வாசிக்கும்போது இன்னொன்றும் தெரிந்துவிடும்: அப்பா உண்மையில் அப்பாதானா என்பது. சின்ன ஊர். ஒரு வார்த்தை வெளியே வந்தால் ஒரு வீடு உடையும். அந்தத் தகவலை ஆராய்ச்சிக் குழு யாருக்கும், எந்தச் சூழ்நிலையிலும் சொல்லாது என்று எழுத்தில் வாங்க வேண்டும். என்னைக் கேட்டால், 30 தடவை வாசிப்பு வேண்டும் என்பதைவிட இதில் நான் பிடிவாதம்.

சரி, சங்கத்தின் பணம் போதுமா? நாற்பது குடும்பத்துக்குப் போதாது, அதனால்தான் பல்கலைக்கழகம். வாசிப்புச் செலவு அவர்களுடையது. நம் பணம் இரத்தம் எடுக்கும் நாள்களுக்கும், தமிழ்ப் படிவத்துக்கும், ஈப்போவரை வயதானவர்களை வேனில் கூட்டிப் போகவும். எச்சிலைவிட இரத்தத்திலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. தரமானது என்பதால் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அதற்கிடையில் காசில்லாமல் தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. தாத்தா பாட்டி எந்த மாவட்டத்திலிருந்து வந்தார்கள் என்று இன்னும் சொல்லக்கூடியவர்கள் எங்கள் ஊரில் எண்பதைத் தாண்டியவர்கள்தான். அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்து எழுதிக்கொள்ள, பல்கலைக்கழகத்தின் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.